வேலை கேட்டானா, வேலைக் கேட்டானா?

(ஊர்த் தமிழ் மன்றத்தின் திங்கட் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

'பிழையின்றித் தமிழ் எழுதுவோம்' என்னும் தலைப்பில் பேசுமாறு மன்றத்தார் என்னைப் பணித்தனர். இலக்கண வகுப்போ என்று அஞ்சி எவரும் எழுந்து போக வேண்டா. நூற்பாக்களை ஒப்பிக்க நான் இன்று வரவில்லை. என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருக்கும் ஒரு நிகழ்ச்சியை உங்கள்முன் வைத்து, அதற்கு நானும் நீங்களும் செய்ய வேண்டிய கழுவாய் யாது என்று உசாவவே வந்துள்ளேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது அது. என்னிடம் பயின்ற இளைஞன் ஒருவன், ஓர் அலுவலகத்தில் எழுத்தர் பணிக்கு இடம் இருப்பதை அறிந்து, விண்ணப்பம் என்று ஊரார் சொல்லும் வேண்டுகை மடல் ஒன்றை எழுதினான். ஆங்கிலத்தில் எழுது என்று நண்பர்கள் சொல்லியும் கேளாமல் தமிழிலேயே எழுதினான். அதிலும் தூய தமிழில் எழுதினான். ஒரு வடசொல் இல்லை. ஓர் ஆங்கிலச் சொல் இல்லை. அந்தப் பற்றை அவனுக்கு ஊட்டியவன் நான். ஆனால், மடலின் தலைப்பில் அவன் எழுதியிருந்த தொடர் இது: 'வேலைக் கோருதல் தொடர்பாக.'

அங்கிருந்த அலுவலர் தமிழ் கற்றவர், தமிழ்ப்பற்று இல்லாதவர். அவர் அத்தொடரை உரக்கப் படித்துவிட்டு, "தம்பி, நீ வேல் வேண்டும் என்றல்லவா கேட்டிருக்கிறாய்? வேல் இங்கே இல்லை. முருகன் கோயிலுக்குப் போ. தனித்தமிழ் என்று முழங்குகிறீர்கள். ஒரு மடலை ஒழுங்காக எழுதத் தெரியவில்லை. போய் ஆங்கிலத்தில் எழுதி வா" என்றாராம். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்களாம்.

அவர் சொன்ன முறை கொடிது. ஆனால், அவர் சொன்ன இலக்கணம் பிழையன்று. 'வேலை கோருதல்' என்னும்போது வேலை என்பது பணி. 'வேலையைக் கோருதல்' என்பதில் உள்ள ஐ உருபு அங்கு மறைந்து நிற்கிறது. உருபு மறைந்த இரண்டாம் வேற்றுமைத் தொகையில் வல்லினம் மிகாது. 'வேலைக் கோருதல்' என்று ஒற்று இட்டு எழுதினாலோ, வேல் என்னும் சொல்லோடு ஐ உருபு வெளிப்பட்டுச் சேர்ந்ததாக ஆகிவிடும். உருபு வெளிப்பட்டால் வல்லினம் மிகும். ஆக, ஒரே ஒரு 'க்' பணி கேட்டவனைப் படைக்கலம் கேட்டவன் ஆக்கிவிட்டது.

அன்று மாலை அவன் என் வீட்டுக்கு வந்தான். அழவில்லை, சினக்கவும் இல்லை. "ஐயா, என் கட்டுரை ஏடுகளில் நீங்கள் சிவப்பு மையால் எத்தனையோ சுழிகள் இட்டிருக்கிறீர்கள். அவை ஏன் பிழை என்று ஒருநாளும் சொல்லவில்லையே! வடசொல்லை எழுதினால் மட்டும் வகுப்பை நிறுத்தி அரைமணி நேரம் விளக்குவீர்கள்" என்றான்.

தோழர்களே, முப்பதாண்டுக் காலம் ஆசிரியப் பணியாற்றிய எனக்கு அதைவிடப் பெரிய தேர்வு வந்ததில்லை. அதில் நான் தோற்றேன். அவன் சொன்னது உண்மை. களை எடுப்பதில் நான் காட்டிய முனைப்பைப் பயிர்க்கு நீர் பாய்ச்சுவதில் காட்டவில்லை. நான் மட்டுமா? நம் இயக்கத்தவர் பலரும் அப்படித்தான் இருக்கிறோம் என்று அஞ்சுகிறேன்.

1916ஆம் ஆண்டில் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். தமிழ் பிறமொழித் துணையின்றித் தனித்து இயங்கும் என்பதை எழுதியும் பேசியும் காட்டினார். மொழிஞாயிறு பாவாணர் சொற்களின் வேர்களைத் தோண்டித் தமிழின் தொன்மையை நிறுவப் பாடுபட்டார். அதே பாவாணர், மாணவர் பிழையறக் கட்டுரை எழுத வேண்டும் என்பதற்காகவே கட்டுரை இலக்கண நூலும் எழுதினார். வேர்ச்சொல்லை ஆராய்ந்த பேரறிஞர்க்கு ஒற்றெழுத்து சிறிதாகத் தோன்றவில்லை. அவர் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நமக்கு மட்டும் அது ஏன் சிறிதாகத் தோன்ற வேண்டும்?

இனி, நம் மடல்களிலும் அழைப்பிதழ்களிலும் அறிக்கைகளிலும் மலிந்து கிடக்கும் பிழைகளுட் சிலவற்றைப் பார்ப்போம். ஒவ்வொன்றும் ஏன் பிழை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அந்த மாணவனுக்கு நான் பட்ட கடன் அது.

முதலாவது, எழுத்துப் பிழை. ஆணை என்பது கட்டளை. ஆனை என்பது யானை. 'அரசானை வெளியிடப்பட்டது' என்று எழுதினால் கோட்டைக்குள்ளிருந்து யானையன்றோ புறப்பட்டு வரும்! பணி என்பது தொழில். பனி என்பது குளிரில் பெய்வது. பொறுப்பு என்பது கடமை. பொருப்பு என்பது மலை. 'பொருப்பாசிரியர்' என்று இதழில் அச்சிட்டால் அவர் மலைக்கு ஆசிரியர் ஆகிவிடுவார். இரங்கல் என்பது துயரப்படுதல். இறங்கல் என்பது கீழே வருதல். மறைந்தவர்க்கு நாம் நடத்துவது இரங்கற் கூட்டம். அளித்தல் என்பது கொடுத்தல். அழித்தல் என்பது கெடுத்தல். கழகம் என்பது கூடிச் செயற்படும் அமைப்பு; கலகம் என்பது என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்பிழைகள் கையில் பிறப்பன அல்ல, வாயில் பிறப்பன. நுனிநா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தொட்டால் ணகரம் பிறக்கும். அந்த வளைவைப் பிள்ளைப் பருவத்திலேயே பழக்காவிட்டால், பின்னர் எழுதுகோல் தடுமாறத்தான் செய்யும். பலுக்கலைத் திருத்தாமல் எழுத்தைத் திருத்த முயல்வது, ஊற்றைத் தூர்வாராமல் வாய்க்காலை வெட்டுவது போன்றது. வீட்டில் தாயும் தந்தையும் 'வாழைப்பழம்' என்பதைச் செவ்வையாகச் சொன்னால், பள்ளியில் எனக்குப் பாதி வேலை குறையும்.

எண்ணுப் பெயர்களிலும் பிழை மலிந்துள்ளது. பணம் பெற்றுக்கொண்டதற்கு எழுதித் தரும் சீட்டில் 'முன்னூறு' என்று எழுதுகிறார்கள். மூன்று நூறு சேர்ந்தது முந்நூறு. அங்கு வருவது தந்நகரம். முன்னூறு என்றால் முன்னால் உள்ள நூறு என்று பொருளாகும். ஐந்தும் நூறும் சேர்ந்தால் ஐந்நூறு. 'பன்னிரெண்டு' என்பது பிழை. இரண்டு என்னும் சொல்லில் ரகரம் எகரம் ஏறாதபோது, பன்னிரண்டில் மட்டும் ஏன் ஏற வேண்டும்?

இரண்டாவது, ஒற்றுப் பிழை. மருந்துக் கடை என்பது மருந்து விற்கும் இடம். 'மருந்து கடை' என்று பலகை எழுதினால், மருந்தைக் கடைவாயாக என்று வருவோரை ஏவுவதாக ஆகும். கைம்மாறு என்பது நன்றிக்கடன். கைமாறுதல் என்பது ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குப் போதல். நம் முன்னோர் போரில் வீழ்ந்த மறவர்க்கு நட்டது நடுகல். அது வினைத்தொகை, நட்ட கல், நடுகின்ற கல், நடும் கல் என முக்காலமும் அதில் அடங்கும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. 'நடுக்கல்' என்று எழுதினால் நடுவில் கிடக்கும் கல் என்று பொருளாகிவிடும். மாவீரன் நினைவுக்கல் ஓர் ஒற்றால் வெறுங்கல் ஆகிவிடுகிறது.

வேண்டாத இடத்தில் ஒற்றை இடுவது ஒரு பிழை. வேண்டிய இடத்தில் விடுவது மற்றொரு பிழை. தமிழின் பெயரால் அமைப்புத் தொடங்கி, 'தமிழ் சங்கம்' என்று பலகை மாட்டுகிறார்கள். பாண்டித்துரைத் தேவர் 1901ஆம் ஆண்டில் நிறுவிய அமைப்பின் பெயரைப் பாருங்கள்: மதுரைத் தமிழ்ச் சங்கம். 'த்' ஒன்று, 'ச்' ஒன்று. ஆக, பெயர்ப் பலகையே இலக்கணப் பாடமாக நிற்கிறது. நம் பலகைகளும் அப்படி நிற்க வேண்டாவா?

மூன்றாவது, சொல் வடிவப் பிழை. உறுதிமொழி எடுக்கும்போது 'உளமாற உறுதி கூறுகிறேன்' என்று எழுதுவதும் படிப்பதும் உண்டு. ஆர்தல் என்பது நிறைதல். வாயார, நெஞ்சார, உளமார என்றால் வாய் நிறைய, நெஞ்சு நிறைய, உள்ளம் நிறைய என்று பொருள். 'உளமாற' என்றாலோ உள்ளம் மாறும்படி என்று பொருள். உறுதி எடுக்கும்போதே உள்ளம் மாறிவிடும் என்று சொல்லிவிட்டு எடுக்கும் உறுதிமொழி உலகில் வேறெங்கும் இராது!

'நினைவு கூறுதல்' பிழை; 'நினைவுகூர்தல்' சரி. கூர்தல் என்பது மிகுதல். 'நன்றி நவிழ்தல்' பிழை. நவில்தல் என்பதே சொல்லுதலைக் குறிக்கும். 'சுவற்றில் எழுதாதே' என்று சுவரில் எழுதிவைக்கிறோம். சுவர் என்பதோடு இல் சேர்ந்தால் சுவரில். 'சுவற்றில்' என்றால் அடிச்சொல் சுவறு என்றாகும். சுவறுதல் என்பது வற்றுதல். 'பதட்டம்' என்று ஒரு சொல் இல்லை. ஏறு ஏற்றம் ஆவதுபோல், மாறு மாற்றம் ஆவதுபோல், பதறு பதற்றம் ஆகும்.

'முயற்சித்தேன்' என்று எழுதாத மடலே இன்று அரிது. முயல் என்னும் வினையிலிருந்து முயற்சி என்னும் பெயர் பிறந்தது. அந்தப் பெயரிலிருந்து மீண்டும் ஒரு வினையை ஏன் பிறப்பிக்க வேண்டும்? பயில் என்பதிலிருந்து பயிற்சி வந்தது. 'பயிற்சித்தான்' என்று எவரேனும் சொல்கிறோமா? பயின்றான் என்கிறோம். அதுபோலவே முயன்றான், முயல்கிறான், முயல்வான்.

'பள்ளிக்கு அருகாமையில்' என்பதும் அப்படியே. கல்லாமை, அறியாமை, பொய்யாமை ஆகியவற்றில் உள்ள ஆமை எதிர்மறை உணர்த்துவது. அருகுதல் என்றால் குறைதல். அருகாமை என்றால் குறையாமை. நாம் சொல்ல வந்ததோ பக்கத்தில் என்பதை. அதற்கு அருகில் என்னும் சொல்லும் அண்மையில் என்னும் சொல்லும் இருக்கின்றன.

மடலின் முதல் வரியிலேயே 'அனுப்புனர்' என்று எழுதுகிறார்கள். தொழில் செய்வோரைக் குறிக்கும் ஈறு நர். அனுப்புநர், பெறுநர், ஓட்டுநர், இயக்குநர், ஆளுநர் என எழுதுவதே முறை. முதற் சொல்லிலேயே பிழை செய்தால், எஞ்சிய மடலை எவர் மதிப்பார்?

நான்காவது, தொடர்ப் பிழை. 'ஒவ்வொரு மாணவர்களும்' என்று எழுதுகிறோம். ஒவ்வொரு என்றால் ஒருமை; ஆகவே, ஒவ்வொரு மாணவரும். 'பல கோரிக்கைகள் நிலுவையில் உள்ளது' என்பது பிழை, கோரிக்கைகள் உள்ளன. 'இந்நிலம் எனக்கு உரியதல்ல' என்பது பிழை. ஒன்றனுக்கு அன்று, பலவற்றுக்கு அல்ல, மக்களுக்கு அல்லர். எனவே, இந்நிலம் எனக்கு உரியதன்று. இந்நிலங்கள் எனக்கு உரியன அல்ல. இவர் என் மரபினர் அல்லர். இவ்வளவு நுட்பமான பாகுபாட்டை நம் மொழி நமக்கு ஆக்கித் தந்திருக்க, நாம் எல்லாவற்றையும் 'அல்ல' என்னும் ஒரே பெட்டியில் போட்டு மூடுகிறோம்.

இங்குத்தான் நம் இயக்கத்தவர் உன்னிப்பாக இருக்க வேண்டும். 'அரசு மற்றும் மக்கள் இணைந்து செயற்பட வேண்டும்' என்னும் தொடரில் வேற்றுச்சொல் இருப்பதாக நம்மவர் எவரும் குறை சொல்வதில்லை. ஆனால், இந்தத் தொடர் தமிழா? 'அரசும் மக்களும்' என்பதன்றோ தமிழ்! மற்றும் என்பது 'மேலும், பிறவும்' என்னும் பொருளுடையது. இரண்டு பெயர்களை இணைக்கத் தமிழுக்கு உம் என்னும் இடைச்சொல் போதும். ஆங்கிலத்தில் இரண்டு பெயர்களுக்கு நடுவே ஓர் இணைப்புச் சொல் நிற்கிறது. அந்த இடத்தை நிரப்ப நாம் 'மற்றும்' என்பதைக் கொண்டுவந்து நிறுத்தினோம். ஆங்கிலச் சொல்லை வாசலில் மறித்தோம். ஆங்கிலத் தொடரமைப்பை நடுவீட்டில் பாய் விரித்து அமர்த்தினோம். சொல் மட்டும் தமிழாக இருந்தால் தமிழ் ஆகாது, தோழர்களே! சொல்லும் தமிழாக வேண்டும். சொற்கள் கைகோக்கும் முறையும் தமிழாக வேண்டும்.

இதுவரை கேட்ட உங்களில் சிலர் உள்ளத்தில் ஒரு வினா எழும். "இப்படி ஒற்றுக்கு ஒற்று குற்றம் கண்டால், இருக்கிற தமிழரும் அஞ்சி ஆங்கிலத்துக்குப் போய்விட மாட்டார்களா?" என்று. நல்ல வினா. இதற்கு நான் மூன்று விடை கூறுவேன்.

ஒன்று, பள்ளிப் பக்கம் போக வாய்ப்பில்லாத உழவரும் தொழிலாளரும் செய்யும் பிழையை எவரும் எள்ளல் ஆகாது. வாழும் தமிழைக் காத்தவர்கள் அவர்கள். நாற்றங்கால், வரப்பு, மடை, கலப்பை என்னும் சொற்களை அவர்கள் வாயிலிருந்தே நாம் பெற்றோம். பிழையறியும் பொறுப்பு படித்தவர்க்கு. அதிலும் தமிழ் தமிழ் என்று மேடையேறும் நமக்கு.

இரண்டு, அறிஞர்க்குள் கருத்து வேறுபாடு உள்ள இடங்களில் சண்டை வேண்டா. 'வாழ்த்துகள்' என்பாரும் உண்டு. 'வாழ்த்துக்கள்' என்பாரும் உண்டு. நான் ஒற்றின்றியே எழுதுகிறேன். ஒற்றிட்டு எழுதுபவரைப் பகைவராகக் கருத மாட்டேன். 1978ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது, ணா, றா, னா, லை முதலிய 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. எழுத்தின் உருவம் மாறிற்றே தவிர, எந்தச் சொல்லுக்கு எந்த எழுத்து என்னும் முறை மாறவில்லை. மாறத்தக்கது எது, மாறாதிருக்க வேண்டியது எது என்று பகுத்தறிவதே புலமை.

மூன்று, அச்சத்தை உண்டாக்குவது இலக்கணம் அன்று. விளக்கம் இல்லாத சிவப்பு மை. பிழை என்று சுழித்துவிட்டு அகலும் ஆசிரியனே மாணவனை மொழியிலிருந்து விரட்டுகிறான். அந்த ஆசிரியனாக நான் பல ஆண்டுகள் இருந்தேன். ஏன் என்று சொல்லிக் கொடுத்தால், 'வேலை' என்பதற்கும் 'வேலைக்' என்பதற்கும் உள்ள வேறுபாடு குழந்தைக்கும் விளையாட்டாகிவிடும்.

தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் 1956ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. சட்டம் கதவைத் திறந்துவிடும். உள்ளே நடந்து போக வேண்டியவை நம் கால்கள். நாம் எழுதும் ஒவ்வொரு மடலும், தமிழால் அலுவல் நடத்த இயலும் என்பதற்கு ஒரு சான்று. அதில் உள்ள ஒவ்வொரு பிழையும், இயலாது என்பார் கையில் நாமே எடுத்துக் கொடுக்கும் கல். அன்று அந்த அலுவலர் எறிந்த கல்லை எடுத்துக் கொடுத்தவன் நானே.

முடிக்குமுன் ஒரு சொல். இக்கூட்டத்திற்காக அச்சிட்ட அறிக்கை உங்கள் கையில் இருக்கிறது. கடைசி இரண்டு வரிகளைப் பாருங்கள். 'மன்ற வளர்ச்சிக்கு நன்கொடை அழித்த பெரியோர்க்கு உளமாற நன்றி நவிழ்கிறோம்.' சிரிக்கிறீர்கள். ஒரே தொடரில் மூன்று பிழைகள்! கொடையைக் கெடுத்தவர்களுக்கு உள்ளம் மாறி நன்றி சொல்லியிருக்கிறோம். இதற்கு மெய்ப்புப் பார்த்தவர் யார் என்று தேடாதீர்கள், நானே பார்த்தேன். விரைவில் பார்த்தேன். அங்குப் படித்தது என் கண் அன்று, என் பழக்கம். இன்று காலை அச்சிட்ட படியைக் கையில் வாங்கிய பின்புதான் கண்டேன். மறைத்திருக்கலாம். மறைத்தால் இவ்வுரைக்கு ஏது தகுதி? நன்கொடை அளித்த பெரியோரிடம் இந்த அவையில் பொறுத்தருள வேண்டுகிறேன்.

ஆகவே, எனக்கும் சேர்த்தே நான்கு வேண்டுகோள் விடுக்கிறேன். எழுதியதை அனுப்புமுன் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். கண் விட்ட பிழையைக் காது பிடிக்கும். எழுதியவரே மெய்ப்புப் பார்க்காமல் மற்றொருவரிடம் கொடுங்கள். செல்பேசியில் இரண்டு எழுத்துத் தட்டியதும் கருவி எடுத்து நீட்டும் சொல்லை அப்படியே ஏற்காதீர்கள். பலர் செய்யும் பிழையையே அதுவும் நீட்டக்கூடும். ஐயம் எழுந்தால் அகரமுதலியைப் புரட்டுங்கள். இல்லையேல், தெரிந்தவரிடம் கேளுங்கள். கேட்பது இழுக்கன்று. ஐயத்தோடு அச்சேற்றுவதே இழுக்கு.

அந்த இளைஞன் என்ன ஆனான் என்று அறிய விரும்புவீர்கள். மறுநாள் அவனும் நானும் அமர்ந்து அதே மடலை மீண்டும் எழுதினோம், தமிழிலேயே எழுதினோம். அந்த வேலை அவனுக்குக் கிடைக்கவில்லை. வேறோர் இடத்தில் இப்போது பணியாற்றுகிறான். அங்குத் தமிழில் மடல் எழுத வேண்டுமென்றால் உடன் பணியாற்றுவோர் அவனிடம்தான் வருகிறார்களாம். அவன் இசைவைப் பெற்றே இக்கதையைச் சொன்னேன். கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறான். இவ்வுரையின் கைப்படியைப் படித்து, இரண்டு ஒற்றுகளைத் திருத்திக் கொடுத்தவனும் அவனே. ஏன் திருத்தினான் என்பதையும் அவன் எனக்குச் சொன்னான்.

களை எடுப்பதை நிறுத்த வேண்டா, பயிரையும் பேணுவோம். உளமாரப் பேணுவோம், உளம் மாறாமல் பேணுவோம்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழ்!